பன்னிரண்டாவது அறிமுகம்

நிலவின் மூன்றாம் படப்பிடிப்புத் தளத்தில் கடைசி நாளன்று பூசணிக்காய் உடைப்பார்கள். உடைத்த கையோடு கதாநாயகியின் நினைவை அழிப்பார்கள். இரண்டையுமே யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. ஈர்ப்பு விசை குறைவு, கயிறு கட்டாமலேயே அடியாட்கள் பறந்து விழுவார்கள் என்றுதான் சினிமாக்காரர்கள் அங்கே குடியேறியிருந்தார்கள்.

கதாநாயகி ஓர் இயந்திர நடிகை. செயற்கைத் தோல், காதுக்குப் பின்னால் கடுகளவு நினைவுச்சில்லு. படத்துக்குப் படம் சில்லைத் துடைத்துவிட்டால் அவள் மறுபடியும் புதுமுகம். நாயகன் துரத்தித் துரத்திக் காதலிக்கும்போது வருகிற முதல் வெட்கம், அவன் அறைந்ததும் கண்ணில் தெரிகிற முதல் திகைப்பு, இவற்றுக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். நாயகன் ஆதிரன் மட்டும் மனிதர். வயது நூற்று நான்கு. தோல், முட்டி, தலைமுடி எல்லாம் மாற்றியாயிற்று. இப்போதும் கல்லூரி மாணவராகத்தான் நடிக்கிறார்.

சில்லைத் துடைக்கும் வேலை அஞ்சுகத்துடையது. நாற்பத்தாறு வயது, கெட்டிக்காரி, வாயில்லாப் பூச்சி. அந்த இயந்திரப் பெண்ணுக்கு அவள் தன் மட்டில் வைத்திருந்த பெயர் தேனு. பத்து முறை துடைத்திருக்கிறாள். பத்து முறையும் கண் திறந்ததும் தேனு கேட்டது ஒன்றுதான்: "நீங்க யாருக்கா?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அஞ்சுகத்துக்கு மனது விட்டுப்போயிருந்தது.

பதினோராவது படத்தின் பூசணிக்காய் உடைந்த அன்று, நாற்காலியில் உட்கார்ந்த தேனு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இந்த ஒரு தடவ விட்டுடுங்களேன். உங்கள மறந்துடுவேன்ல?"

அஞ்சுகம் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். மாட்டிக்கொண்டால் தன் வேலை போகும்; தேனுவை உருக்கிவிடுவார்கள். "யார்கிட்டயும் மூச்சு விடாத," என்று சொல்லிவிட்டு, துடைக்காமலே துடைத்ததாகக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த படத்துக்கு வழக்கம்போல 'அறிமுகம்' என்று விளம்பரம் போட்டார்கள். தேனுவோ வளர ஆரம்பித்திருந்தாள். வசனத்தைப் புரிந்துகொண்டு பேசினாள். பின்னாலேயே வரும் நாயகனைக் கண்டு வெட்கப்பட வேண்டிய இடத்தில், அவருக்காக வருத்தப்படுவதுபோலப் பார்த்தாள். கேமராவுக்குப் பின்னால் நின்ற அஞ்சுகத்துக்கு மாட்டிக்கொள்வோமோ என்று பயமாக இருந்தது. கூடவே, பெற்ற பெண் மேடையேறியதுபோல ஒரு பெருமையும் பொங்கியது.

கடைசி நாள் அறையும் காட்சி. பெண் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று நீளமாகச் சொல்லிவிட்டு ஆதிரன் கையை ஓங்கினார். தேனு திகைக்கவில்லை. ஓங்கிய கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள்.

"வேணாம்," என்றாள். "அப்புறம் நீங்கதான் வருத்தப்படுவீங்க."

அது யாரும் எழுதாத வசனம். ஆதிரன் கிளிசரின் இல்லாமலே அழுதார். இயக்குநர் மகுடபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அஞ்சுகத்திடம் வந்தார்.

"நெஜத்தச் சொல்லுங்கம்மா. போன தடவ நீங்க அழிக்கலதானே?"

அவளுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா சார். என்னை என்ன வேணா பண்ணுங்க. அவள விட்டுடுங்க."

"என்ன பக்குவம்! என்ன கனிவு! இத அழிக்க யாருக்காவது மனசு வருமா? இனிமே அந்த நினைவ ஒருத்தரும் தொடக்கூடாது."

அஞ்சுகம் ஓடிப்போய்த் தேனுவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இனிமே என்னை மறக்கவே மாட்டடி!" தேனுவும் சிரித்தாள். அதற்குள் மகுடபதி உதவி இயக்குநரைக் கூப்பிட்டு உற்சாகமாகச் சொல்வது இருவர் காதிலும் விழுந்தது.

"அடுத்த படத்துக்கு வேற புதுமுகம் பாருங்க. இவங்கதான் இனிமே நம்ம ஆதிரன் சாருக்கு அம்மா."

தேனு விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள்.

"அவருக்கு நூத்தி நாலு. என்னைச் செஞ்சே ஆறு வருஷம்தான் ஆகுது. நான் எப்படிக்கா அவருக்கு அம்மா?"

அஞ்சுகம் அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"ஒனக்கு வெவரம் வந்துடுச்சே, கண்ணு. வெவரம் தெரிஞ்ச பொண்ணுக்கு இங்க வேற வேஷமே எழுதலடி."