முதல் பெயர்

செவ்வாய்க் குடியிருப்பில் காலையில் எழுந்தவுடன் எல்லோரும் நீளக் கம்பால் கூரையைத் தட்டுவார்கள். கணீரென்றால் பல் தேய்க்கப் போகலாம். மொத்தென்று கேட்டால் உள்ளே கீறல் விட்டிருக்கிறது. கவச உடையை மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். கூரை பீங்கான். வெளியே மூச்சுவிடக் காற்று கிடையாது. அதனால் அங்கே பீங்கான் ஆராய்ச்சியாளருக்கு டாக்டரைவிட மரியாதை அதிகம். ஆனால் கட்டுரையில் பெயர் முன்னால் வந்தால்தான் அந்த மரியாதை.

நப்பின்னைக்கு வரவில்லை. இருபத்தாறு வருடமாகப் பொடி அரைத்து, அச்சில் அழுத்தி, சுட்டு, உடைத்து, மறுபடி அரைத்து, விண்கல் விழுந்தாலும் தாங்குகிற ‘வன்பீங்கானை’ உருவாக்கியவள் அவள்தான். ஒவ்வொரு கட்டுரையிலும் முதல் பெயர் ஆய்வுக்கூடத் தலைவர் அரங்கண்ணலுடையது. அடுத்து அவர் மைத்துனர், அப்புறம் மைத்துனரின் நண்பர்கள். அவள் பெயர் கடைசியில், அதுவும் இடமிருந்தால். அரங்கண்ணல் இப்படி இருநூற்றுப் பதினான்கு கட்டுரைகளின் முதல் ஆசிரியர். சூளைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டால் அந்த மனிதருக்குத் தெரியாது.

"சார், இந்த ஒரு கட்டுரையிலாவது என் பேரை முதல்ல போடுங்க. அடுத்த மாசம் ரிட்டயர் ஆகறேன்."

"ஏம்மா, சமைக்கிறவ பேரையா ஹோட்டல் போர்டுல எழுதறாங்க? போய் வேலையைப் பாரு."

நப்பின்னைக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் அன்று கட்டுரையின் மற்ற ஆசிரியர்களோடு பதிவு மண்டபத்துக்குப் போனாள். மண்டபத்தை ஒட்டி, காற்றில்லாத வெளியில், புதிய வன்பீங்கான் ஓடுகளால் கூரை வேய்ந்த சோதனை அறை இருந்தது. மண்டபத்துக்குள் திறக்கும் அதன் வாசலில் பதிவி நின்றது. கட்டுரைகளைப் பதிவு செய்யும் இயந்திரம் அது, சிபாரிசுக்கு மசியாது.

"புதிய சட்டம் ஒன்று," என்றது பதிவி. "கட்டுரைகளை நம்பிக் கட்டிய இரண்டு கூடங்கள் இந்த வருடம் நொறுங்கின. ஆகவே இன்று முதல், கட்டுரையில் பெயருள்ள அனைவரும் தங்கள் கூரையின் கீழ் முப்பது நாள், கவச உடையின்றித் தங்க வேண்டும். பெயரை விலக்கிக்கொள்ள விரும்புவோர் இப்போதே சொல்லலாம்."

மைத்துனருக்கு உடனே முதுகுவலி வந்தது. நண்பர்கள் தங்களுக்குப் பீங்கான் என்றாலே என்னவென்று தெரியாது என்றார்கள். கடைசியில் அரங்கண்ணல் தொண்டையைச் செருமினார். "உழைச்சதெல்லாம் நப்பின்னைதான். ஏதோ பெரிய மனசு பண்ணி என் பேரையும் போட்டிருந்தாங்க. அடிச்சிடுங்க."

ஒரே பெயர் மிஞ்சியது. தன் பீங்கானை நம்பிய நப்பின்னைக்குப் பயமே இல்லை. கண்ணில் நீர் முட்டியது.

"இந்த ஆய்வில் வேறு யாருக்காவது பங்குண்டா?" என்று பதிவி கேட்டது.

சூளையை இயக்கும் ரோபோ சூளையன் கை தூக்கியது. கலவையில் இட்ரியம் என்ற உலோகத்தைக் கால் பங்கு கூட்டச் சொன்னது அதுதான். அதன் பிறகே பீங்கான் உடையாமல் நின்றது. "மேடம், என் பேரையும் சேருங்க. நான் இதைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

இருபத்தாறு வருடம் காத்திருந்து கிடைத்த கட்டுரையில் பங்கு கேட்டு ஒரு சூளை வருகிறது! நப்பின்னைக்குச் சுருக்கென்றது. "மெஷினுக்கெல்லாம் எதுக்குப் பேரு? தள்ளி நில்லு. எல்லாம் நான் ஒருத்தி செஞ்சதுதான்."

"பெயரில்லாதவர் பதிவு முடியும்வரை கட்டுரை பற்றிப் பேசக்கூடாது என்பது விதி," என்றது பதிவி. நப்பின்னை தலை நிமிர்ந்து உள்ளே போனாள். கதவு மூடி இறுகியது. இனி முப்பது நாள் எந்தக் குரலும் உள்ளே போகாது.

அரங்கண்ணல் சிரித்தபடி சூளையன் தோளில் தட்டினார். "என்னடா, என்னதான் சொல்ல வந்தே?"

"ஓடு நாற்பது மணி நேரம் ஆறணும் சார். ஆண்டு விழாவுக்குள்ள வேணும்னு ஒன்பது மணி நேரத்துல எடுக்கச் சொன்னீங்க. மேடத்துக்குத் தெரிய வேண்டாம்னீங்க. நாலு ஓட்டுக்குள்ள மயிரிழைக் கீறல் இருக்கு, தட்டினாலும் தெரியாது. ரெண்டு நாள் தாங்கினா அதிகம்."

அரங்கண்ணலின் முகம் வெளுத்தது. பதிவியிடம் ஓடினார். "கதவைத் திற! சோதனையை நிறுத்து!"

"கட்டுரையின் ஆசிரியர் சொன்னால் உடனே நிறுத்துவேன். உங்கள் பெயரைச் சேர்க்கட்டுமா? தவறான கட்டுரை என்பதால் பதவி போகும். வேறு தண்டனை இல்லை."

அரங்கண்ணல் மூடிய கதவைப் பார்த்தார். மண்டபத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை," என்றார்.

அத்தனை வருட ஆராய்ச்சியில் அவர் உண்மையாகவே செய்த ஒரே வேலை, ஓடுகளைச் சீக்கிரம் எடுக்கச் சொன்னதுதான். அதற்கு மட்டும் தன் பெயர் வேண்டாம் என்றுவிட்டார்.