வாலில் கத்தி வைத்திருந்தவன்

முதலில் செத்தது நத்தையா, நண்டா?

சத்தியமாக எனக்கு இப்போது நிச்சயமில்லை. இந்தச் சம்பவத்தை நான் பலரிடம் கேட்டேன். ஆளுக்கொரு பிணத்தை முதலில் பார்த்திருந்தார்கள். நடுவில் நானும் கொஞ்சம் மறந்திருக்கலாம்...

ஆனால் போன் அடித்தது உண்மை.

மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் உதயராஜ் அதை எடுத்தான். பேசியவர் பலாபத்வல மிளகு வியாபாரி பலீல் ஹாஜியார்.

"உதயராஜ், ஒடனே வாங்க. எல்லாம் மௌத்து."

மௌத்து என்றால் மரணம். உதயராஜ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "யாரு ஹாஜியார்?"

"நத்தை, நண்டு... நீங்க கொண்டாந்து போட்ட எல்லாம்."

உதயராஜ் நிம்மதியாக மூச்சு விட்டான்.

கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டான்!

ஹாஜியார் வீட்டு ஹோலில் சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே நிஜக் கடல். திருகோணமலைக்கு மிளகு ஏற்றிப் போகும் லொறி, திரும்பும்போது கேன் கேனாகக் கடல் தண்ணீரைக் கொண்டுவரும். மலைநாட்டில் பவளம் வளர்க்கும் ஆசை ஹாஜியாருக்கு.

பவளத்தோடு பாசியும் வளர்ந்தது. தலைமுடி மாதிரிப் பச்சைப் பாசி... கல்லை மூடி, பவளத்தையும் மூடத் தொடங்கியது.

மருந்து ஊற்றக்கூடாது, பாசி தின்னும் உயிர்களை விட்டால் போதும் என்று உதயராஜ்தான் சொல்லியிருந்தான். போன வாரம் ஒரு படையே கொண்டுவந்து இறக்கினான். நத்தைகள், சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள், கூடவே ஒரு நீல மீன்.

அந்த மீனுக்கு வாலடியில் கத்தி போல் ஒரு முள். ஹாஜியார் அதற்குச் 'சண்டியன்' என்று பெயர் வைத்தார்.

இப்போது நத்தைகள் கவிழ்ந்து கிடந்தன. நண்டுகள் சங்கை விட்டு வெளியே விழுந்து கிடந்தன.

சண்டியன் மட்டும் கொழுகொழுவென்று நீந்திக்கொண்டிருந்தான்.

"கத்தி வச்சிருக்கிறவன்தானே உசிரோட ஈக்கிறான். அவன்தான் செஞ்சிருப்பான்" என்றார் ஹாஜியார்.

உதயராஜ் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டான்.

நீலம்!

"செம்பு கலந்திருக்கு ஹாஜியார். மீன் தாங்கிக்கும். நத்தையும் நண்டும் தாங்காது."

"அத விடு மாஸ்டர். மோதிரம் எங்க?"

குரல் பின்னாலிருந்து வந்தது.

அன்ஸார்... ஹாஜியாரின் மனைவி நூருன்னிஸாவுக்குத் தம்பி. ஹாஜியாரின் மகள் அஸ்ராவுக்குக் கலேவெலயில் மாப்பிள்ளை பேசியவர். மாப்பிள்ளை வீட்டார் கொடுத்தனுப்பிய தங்க மோதிரத்தைக் கொண்டுவந்து சேர்த்தவரும் அவர்தான்.

உதயராஜ் தொட்டியில் வேலை செய்த அன்று, ஹோல் மேசையில் இருந்த அந்த மோதிரம் காணாமல் போயிருந்தது. வீட்டுக்குள் வந்த வெளியாள் அவன் ஒருவன்தான். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், அதற்குள் மோதிரம் வராவிட்டால் பொலிஸ் என்று அன்ஸார் சொன்னார். ஹாஜியார் தரையைப் பார்த்தார். மறுக்கவில்லை.

அடுத்தவர் ஹோலுக்குள் போய்க் கைவிட்டுச் செய்கிற தொழில் அவனுடையது. கள்ளன் என்று ஒரு பேச்சு வந்தால், மாத்தளையில் எந்தக் கதவு திறக்கும்?

சமையலறைப் பக்கம் விசும்பல் கேட்டது. நூருன்னிஸா.

மோதிரம் கிடைக்கவேண்டும் என்று பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கி, வீட்டு மூலையெல்லாம் தெளித்தாராம். மிஞ்சியதைத் தொட்டியிலும் ஊற்றினாராம்.

"எந்தப் பாத்திரத்துலக்கா?"

"எங்கட பழைய செப்புக் குடத்துல."

உதயராஜ் தலையாட்டினான். கொலையாளி கிடைத்தாயிற்று... நோக்கம், நல்லெண்ணம்! நூருன்னிஸா குடத்தைப் பரணில் ஏற்றிவிட்டு மேலும் கொஞ்சம் அழுதார்.

திருகோணமலைத் தண்ணீர் வந்தது. பாதித் தொட்டியை மாற்றினான். இரண்டு நாள் விட்டு மறுபடி சொட்டு விட்டான்.

மறுபடி நீலம்... முன்னைவிட அழுத்தமாக!

உதயராஜ் குழாயைக் கழுவிவிட்டு இன்னொரு முறை சொட்டு விட்டான். அதே நீலம்.

குடம் பரணில் இருக்கிறது. அப்படியென்றால் செம்பு... தொட்டிக்குள்ளேயே இருக்கிறது.

அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தான். அஸ்ரா வந்தாள், ஒரு கை தீனியை அள்ளிப் போட்டாள். சண்டியன் விழுங்கினான். அவள் மறுபடியும் அள்ளினாள்.

"அளவுக்கு மேல போடுறீங்களே தங்கச்சி. வயிறு நெறஞ்சா அவன் பாசியத் தொடமாட்டான்."

"தொடாட்டிப் பரவால்ல அண்ணா. பாசி வடிவாத்தானே ஈக்கி."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க எடுக்கல்லன்னு எனக்குத் தெரியும்."

"அப்ப அத வாப்பாகிட்டச் சொல்லுங்களேன்."

அஸ்ரா தீனி டின்னை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உதயராஜுக்குப் புரிந்துவிட்டது... பாதி!

பாசியை அவள் காப்பாற்றுவது அதற்குள் ஒளித்ததை மறைக்கத்தான். மோதிரம் பாசிக்குள் இருக்கிறது. ஆனால் அவன் கைவிட்டு எடுத்தால்? ஒளித்தவனே எடுத்துக் கொடுத்தான் என்பார் அன்ஸார். கல்யாணப் பெண்மேல் பழி சொன்னாலோ, இரண்டாவது குற்றமும் அவன் தலையில்.

எடுக்கவேண்டியது வேறொருவன். சந்தேகப்பட முடியாத ஒருவன்.

சண்டியன்!

"ஹாஜியார், ஞாயிறு வரைக்கும் மீனுக்குத் தீனி போடக்கூடாது. டின்ன உங்க அலுமாரில பூட்டி வைங்க."

"மீனுக்கும் நோன்பா?"

"நோன்பு தொறக்கத்தான் உள்ள பாசி இருக்கே."

முதல் நாள் சண்டியன் கோபத்தோடு கண்ணாடியை முட்டினான். அடுத்த நாள் பாசியை முகர்ந்தான். அதற்கடுத்த நாள் மேயத் தொடங்கினான்... மாடு தோற்றது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

மாப்பிள்ளை றுஸ்தியும் அவன் உம்மா மபாஸாவும் ஹோலில் சர்பத் குடித்துக்கொண்டிருந்தார்கள். உதயராஜைத் தொட்டியோரம் நிறுத்தியிருந்தார்கள். பொலிஸுக்குப் போன் செய்ய அன்ஸார் வாசலில் தயாராக நின்றார்.

சண்டியன் நடுக்கல்லில் மிஞ்சியிருந்த கடைசிக் கற்றையைக் கவ்வி இழுத்தான்.

ஏதோ உருண்டு கண்ணாடியருகே விழுந்தது.

மோதிரம்!

"பாத்தீங்களா மச்சான்? இவன்தான் ஒளிச்சி வச்சீக்கிறான்" என்றார் அன்ஸார்.

"அவர் இல்ல மாமா. நான்."

அஸ்ரா எழுந்து நின்றாள். கெம்பஸ் படிப்பு முடிக்க அவகாசம் வேண்டும் என்று கேட்டுப் பார்த்ததாகவும், யாரும் காது கொடுக்கவில்லை என்றும், மோதிரம் தொலைந்தால் கல்யாணம் தள்ளிப்போகும் என்று நினைத்ததாகவும் சொன்னாள். பிறகு உதயராஜைப் பார்த்தாள்.

"மன்னிச்சிக்கோங்க அண்ணா. மொதல்லயே செல்லியிருக்கணும்."

ஹாஜியார் மகளைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

அதற்குள் ஒருவர் மட்டும் அவசரமாக நகர்ந்தார்.

அன்ஸார்!

"பரவால்ல, சின்னப் புள்ளதானே... நான் எடுத்துக் கழுவிக் கொண்டாரன்."

சட்டைக்கையோடு தொட்டிக்குள் பாய்ந்த அவர் மணிக்கட்டை உதயராஜ் பிடித்துக்கொண்டான்.

"கொஞ்சம் பொறுங்க. ஹாஜியாரே எடுக்கட்டும்."

ஹாஜியார் எடுத்தார். உள்ளங்கையில் வைத்தார்.

மோதிரம் பச்சையாகியிருந்தது. முலாம் உரிந்து உள்ளே செந்நிறம் தெரிந்தது.

"தங்கம் கடல்ல எத்தன காலம் கெடந்தாலும் தங்கந்தான் ஹாஜியார்" என்றான் உதயராஜ். "இது செம்பு. நத்தையக் கொன்னது அக்காவோட குடம் இல்ல. இதுதான்."

எல்லார் பார்வையும் மாப்பிள்ளை வீட்டார்மேல் போனது.

மபாஸா மோதிரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சர்பத்தைக் கீழே வைத்தார்.

"இது எங்கட மோதிரமில்ல. நாங்க குடுத்தது வேற. இந்த அன்ஸார்ட கையிலதானே குடுத்தனுப்பின."

இப்போது எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள்.

அன்ஸாரின் கையில் போன் இருந்தது. ஆனால் பொலிஸுக்கு அடிக்கும் எண்ணம் போய்விட்டிருந்தது.

அதன் பிறகு நடந்தது இவ்வளவுதான்.

அசல் மோதிரம் அன்ஸாரின் அலுமாரியிலிருந்து வந்தது. அவர் இப்போது நாலந்தாப் பக்கம் ஒரு கடையில் வேலை செய்கிறார். யாருக்கும் சம்பந்தம் பேசுவதில்லை. அஸ்ரா கெம்பஸ் முடிக்கும்வரை காத்திருக்க றுஸ்தி சம்மதித்தான். ஓதின தண்ணீர்தான் மோதிரத்தைக் காட்டிக்கொடுத்தது என்கிறார் நூருன்னிஸா. மறுத்துப் பேச ஆளில்லை. ஹாஜியார் உதயராஜின் கடைக்கு நேரில் போய், எல்லார் முன்னாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். செம்பு முழுக்க நீங்கியபின் புதிய நத்தைகள் வந்தன. பவளம் தெரிகிறது.

சண்டியனும் நலம். அந்த வீட்டில் கத்தி வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். யாருடைய முதுகிலும் குத்தாதவனும் அவன் ஒருவன்தான்!