அறுபத்து மூன்று பேர் எங்கே போனார்கள்?

அறுபத்து மூன்று பேரைக் காணவில்லை.

யாரும் போலீசுக்குப் போகவில்லை. ஏனென்றால், அவர்கள் காணாமல் போனது அம்மாவின் வெப்சைட்டுக்குள்ளே.

"இங்க பாரு," என்று மாமா தன் போனைக் காட்டினார். "போன மாசம் அறுபத்தி மூணு பேர் நம்ம வெப்சைட்டைத் திறந்திருக்காங்க. கணக்கு இதுலயே வருது."

"அதுல எத்தனை பேர் கடைக்கு போன் பண்ணாங்க?" என்று கேட்டாள் நோண்டி.

"ரெண்டு பேர்," என்றார் அம்மா, ஒரு மூக்குக்கண்ணாடியின் திருகை முறுக்கியபடியே. "அதுல ஒண்ணு ராங் நம்பர்."

நோண்டிக்குப் பத்து வயது. கையில் எது கிடைத்தாலும் நோண்டிப் பார்க்காமல் விடமாட்டாள். சுவர்க் கடிகாரம், தண்ணீர்க் குழாய், ஒருமுறை பள்ளிக்கூட மணி. அந்த மணிக்கு அப்புறம் ஆசிரியர்கள்கூட அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அம்மா மூக்குக்கண்ணாடி செய்பவர். கண்ணைச் சோதித்து, வில்லையைத் தேய்த்து, சட்டத்தில் பொருத்தித் தருவார். உடைந்துபோனதையும் சரிசெய்வார். அவருடைய கடை பல வருடம் பெரிய சாலையில் இருந்தது. அந்தக் கட்டடத்தை இடிக்கப்போவதாகச் சொன்னதும் இந்தச் சந்துக்கு மாற வேண்டியதாகிவிட்டது. சந்துக்குள் இப்படி ஒரு கடை இருப்பது சந்துக்கே தெரியாது.

அதனால்தான் மாமா வெப்சைட் செய்தார். அவர் அம்மாவின் தம்பி. புத்தகங்களுக்கு அட்டை வரைவது அவர் தொழில். மூன்று வாரம் சாப்பாட்டைக்கூட மறந்து அதிலேயே மூழ்கிக் கிடந்தார். திறந்ததும் வெள்ளைத் திரையில் வெளிறிய கோட்டால் வரைந்த ஒரு கண் மெல்ல இமை திறக்கும். மூடும். மறுபடி திறக்கும். பிறகு, பூனை முடி மாதிரி மெல்லிய சாம்பல் நிற எழுத்தில் கடையின் பெயர் வரும். பார்த்தவர்கள் எல்லாரும் "அடடா!" என்றார்கள்.

"இன்னும் ரெண்டு வாரம் பார்ப்போம்," என்றார் அம்மா. "அப்பவும் யாரும் வரலைன்னா கடையை மூடிட்டு, ஊருக்கு அந்தக் கோடியில இருக்கிற பெரிய கடையில வேலைக்குச் சேர்ந்துடறேன். சொல்லி வச்சிருக்கேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் எள்ளளவு இருந்த அந்தத் திருகு அவர் கையிலிருந்து நழுவி மேசைக்கு அடியில் ஓடிவிட்டது. நோண்டி மண்டிபோட்டுத் தேடி எடுத்துக் கொடுத்தாள். மாமாவின் போனில் அந்தக் கண் மட்டும் மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது.

மறுநாளே நோண்டி துப்பறியக் கிளம்பிவிட்டாள்.

முதல் சந்தேகம், கடை போன் மேல். மாமாவின் போனிலிருந்து அழைத்துப் பார்த்தாள். மணி கணீரென்று அடித்தது. அடுத்த சந்தேகம், நம்பர் மேல். வெப்சைட்டில் கண்ணைத் தாண்டி, படங்களைத் தாண்டி, அம்மாவைப் பற்றிய நீளமான கட்டுரையைத் தாண்டி, அடியோ அடி என்று அடிக்குப் போனால் நம்பர் இருந்தது. ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தாள். எல்லாம் சரி.

"எல்லாமே சரியா இருக்கே, அப்புறம் ஏம்மா யாரும் கூப்பிடலை?"

"தெரியலையே கண்ணு. எனக்கு அது நல்லாத்தான் தெரியுது," என்று அம்மா தன் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார்.

அப்போது கதவு திறந்தது. திறப்பதற்கு முன்னால் யாரோ அதில் 'டம்' என்று முட்டிக்கொண்ட சத்தமும் கேட்டது.

வந்தவர் தபால்காரர். ஒரு கையில் பை. இன்னொரு கையில் இரண்டு துண்டான மூக்குக்கண்ணாடி.

"அம்மாடி, ஒருவழியா கண்டுபிடிச்சிட்டேன்!" என்று அவர் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். "காலையில ஒரு நாய் துரத்துச்சு. நான் ஓடினேன், கண்ணாடி விழுந்துச்சு. நாய் அது மேலயே உட்கார்ந்துடுச்சு. இந்தக் கடையைத் தேடி ஒரு மணி நேரமா அலையறேன்."

நோண்டிக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் உள்ள எல்லா வீட்டையும் கண்டுபிடிப்பவர் இவர்!

"வெப்சைட்டைப் பார்க்கலையா அங்கிள்?"

"பார்க்காம என்ன? போன்கிட்ட வாயாலயே கேட்டேன். அது இந்தக் கடைப் பேரைச் சொல்லி, 'திறக்கவா?'ன்னுச்சு. திறன்னேன். வெள்ளையா என்னவோ வந்துச்சு. வேற ஒண்ணும் இல்லை. சரி, வெப்சைட்டை இன்னும் முடிக்கலை போலன்னு நானே தேடிக் கிளம்பிட்டேன்."

"ஒண்ணுமே இல்லையா? நிறைய எழுத்து இருக்குமே?"

"எழுத்தா? எங்க?" தபால்காரர் போனை எடுத்து மூக்கோடு ஒட்டினார். பிறகு கை எட்டுகிற தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தார். கண்ணை இடுக்கினார். "நீ கிண்டல் பண்ணாதே பாப்பா."

நோண்டி அவரையே பார்த்தாள். அப்புறம் போனைப் பார்த்தாள். உடைந்து கிடந்த கண்ணாடியையும் பார்த்தாள். அவளுக்குள் ஏதோ கிச்சுக்கிச்சு மூட்டியது.

அம்மாவிடம் ஒரு மரப்பெட்டி உண்டு. உள்ளே வட்ட வட்டமாக வில்லைகள் வரிசையாக அடுக்கியிருக்கும். கண்ணைச் சோதிக்கும்போது, கனமான ஒரு வட்டச் சட்டத்தை மூக்கில் மாட்டி, அதில் வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகுவார்.

"அம்மா, அந்தச் சோதனைக் கண்ணாடியைக் கொஞ்சம் எடுத்துக்கவா? நோண்ட மாட்டேன். சத்தியமா."

இருப்பதிலேயே தடித்த வில்லைகள் இரண்டைச் செருகி மாட்டிக்கொண்டாள். கடை கரைந்துபோனது. அம்மா ஒரு நீல மேகம் ஆனார். தபால்காரர் காக்கி மேகம் ஆனார்.

தபால்காரரின் போனை வாங்கி, நீட்டிப் பிடித்து வெப்சைட்டைத் திறந்தாள்.

வெள்ளை. வெறும் வெள்ளை. பால் கொட்டியது மாதிரி. சாம்பல் எழுத்து இருந்த இடத்தில் தூசுகூட இல்லை.

"அம்மா!" என்று கத்தினாள் நோண்டி. "நம்ம வெப்சைட்டைத் தேடி வர்றவங்க யாருக்கும் கண்ணு சரியாத் தெரியாதும்மா! தெரிஞ்சா அவங்க ஏன் நம்மளைத் தேடப் போறாங்க?"

நீல மேகம் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தது.

"இருபது வருஷமா இதே தொழில்ல இருக்கேன்," என்றது அம்மாவின் குரல். "எனக்குத் தோணலை பாரு."

கண்டுபிடித்தது சரி. இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது? மூன்று வாரம் பாடுபட்டவரிடம், 'உங்க வெப்சைட் யாருக்கும் தெரியலை' என்று முகத்துக்கு நேராகச் சொன்னால் அவர் வாடிப்போவார். நோண்டி நகத்தைக் கடித்துக்கொண்டே யோசித்தாள்.

மாலையில் மாமா வந்ததும், "மாமா, ஒரு விளையாட்டு. இதை மாட்டிக்குங்க," என்றாள்.

"என்ன விளையாட்டு?"

"உங்க கண்ணாடி இப்ப உடைஞ்சுபோச்சு. எங்க அம்மாவுக்கு போன் பண்ணணும். வெப்சைட்டைப் பார்த்துத்தான் பண்ணணும். எங்க, பண்ணுங்க பார்ப்போம்."

"இவ்வளவுதானா?" என்று மாமா சோதனைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கினார். தேய்த்தார். தட்டினார். சாய்த்துப் பிடித்தார். "கண்ணைக் காணோமே?" என்றார். எதையோ அழுத்தினார். அம்மாவின் சிறுவயதுப் படம் பெரிதாக வந்தது. அடுத்து எதையோ அழுத்த, போன் தலைகீழாகப் படம் பிடித்தது. ஐந்து நிமிடத்தில் மாமாவின் மூக்கின் மேல் வியர்வை அரும்பியது.

கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாரும் அழகா இருக்குன்னாங்களே," என்றார் மெல்ல.

"அழகாத்தான் இருக்கு மாமா," என்றாள் நோண்டி. "கண்ணு தெரியறவங்களுக்கு."

மாமா அவளைப் பார்த்தார். வாய் கோணியது. அழப்போகிறார் என்று அவள் பயந்தாள். ஆனால் குபீரென்று சிரித்துவிட்டார். "ஏ அக்கா! கண்ணாடிக் கடைக்கு, கண்ணாடி போட்டாத்தான் தெரியற வெப்சைட் செஞ்சிருக்கேன்! என்னை மாதிரி ஆள் உலகத்துல உண்டா?"

அன்றே மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். இமை மூடித் திறக்கும் கண் கடைசிக்குப் போனது. அதைத் தூக்கி எறிய வேண்டாம் என்று நோண்டிதான் சொன்னாள். மேலே, திரை கொள்ளாத கறுப்பு எழுத்தில் ஒரே கேள்வி: 'கண்ணாடி உடைந்துவிட்டதா?' அதன் கீழே கட்டை விரல் அளவுக்கு ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் நேராக அம்மாவுக்கு போன் போகும்.

"பிரமாதம்!" என்றார் மாமா.

"இருங்க மாமா. யாராவது பார்க்கட்டும்."

கண்ணாடியைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களைவிட இதற்கு நல்ல ஆள் கிடைக்குமா? முதலில் வந்த ஒரு டீச்சரிடம் போனைக் கொடுத்தாள். "இந்தக் கடைக்கு போன் பண்ணிப் பாருங்க டீச்சர்." உதவக் கூடாது என்று தனக்குத்தானே ஒரு விதி வைத்திருந்தாள். சொல்லிவிடத் துடித்த வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

டீச்சர் கேள்வியைச் சட்டென்று வாசித்துவிட்டார். பொத்தானைத் தொடவே இல்லை.

"இதை ஏன் டீச்சர் அழுத்தலை?"

"இதுவா? ஏதோ தக்காளிப் படம்னு நினைச்சேன்."

மாமா தலையில் கை வைத்தார். பொத்தான் மேல் 'கூப்பிடுங்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

கண்ணாடியை வாங்கிப்போக வந்த தபால்காரர் ஒரு யோசனை சொன்னார். "வழியையும் போடுங்க. ஆனா பெயர்ப் பலகையைப் பார்த்து வரச் சொல்லாதீங்க, அது எங்களுக்குத் தெரியாது. சந்து முனையில பேக்கரி இருக்குல்ல? மூக்கு நல்லாத்தானே வேலை செய்யும்!"

அப்படியே எழுதினார்கள். 'ரொட்டி வாசனை வந்ததும் இடது பக்கம் திரும்புங்கள்.'

சனிக்கிழமை காலை மணி அடித்தது. நோண்டி ஓடிப்போய் எடுத்தாள்.

"கண்ணாடிக் கடைதானே?" என்றது ஒரு பெண் குரல். "நான் பஸ் ஓட்டறேம்மா. என் கண்ணாடி மேல நானே உட்கார்ந்துட்டேன். நாளைக்கு வண்டி எடுக்கணும். இப்ப உங்க சந்து முனையிலதான் நிக்கறேன்னு நினைக்கறேன். ரொட்டி வாசனை வருது."

"இடது பக்கம்!" என்று கத்தினாள் நோண்டி. "இடது பக்கம் திரும்புங்க ஆன்ட்டி!"

மதியத்துக்குள் இன்னும் மூன்று பேர் அழைத்தார்கள். அடுத்த வாரம் உட்கார நாற்காலி போதாமல் மாமா வீட்டிலிருந்து ஸ்டூல் தூக்கி வந்தார். ஒரு மாலையில், வில்லையைத் தேய்த்துக்கொண்டே அம்மா சொன்னார்: "அந்தப் பெரிய கடைக்குப் பேசிட்டேன். வேலைக்கு வரலைன்னு சொல்லிட்டேன்."

நோண்டி போய் அம்மாவின் முதுகில் சாய்ந்துகொண்டாள்.

அப்போது எதிரே சைக்கிள் கடை வைத்திருப்பவர் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, எனக்கும் ஒரு வெப்சைட் இருக்கு. திறந்து பார்க்கிறாங்களாம், யாரும் கூப்பிட மாட்டேங்கறாங்க. கொஞ்சம் வந்து பார்க்கறீங்களா?" என்று மாமாவிடம் கேட்டார்.

மாமா நோண்டியைப் பார்த்தார். நோண்டி எழுந்தாள்.

"உங்களைத் தேடறவங்க அப்ப என்ன பண்ணிட்டிருப்பாங்க அங்கிள்?"

"என்ன பண்ணுவாங்க? நடு ரோட்டுல சங்கிலி கழண்டிருக்கும். மாட்டிப் பார்த்து மாட்டிப் பார்த்து, கையெல்லாம் கிரீஸா நிப்பாங்க."

"அப்படியா?" என்றாள் நோண்டி. கண்கள் மின்ன, சைக்கிள் கடைக்குள் நுழைந்து, கிரீஸ் டப்பாவில் பத்து விரலையும் முக்கி எடுத்தாள்.

"சரி மாமா, உங்க போனைக் குடுங்க."