அமுக்குவான் மேல் ஓர் எஃப்.ஐ.ஆர்!

“ஐயய்யோ! கொன்னுட்டாளே... என் தம்பியக் கொன்னுட்டாளே!”

பாப்பாத்தியின் அலறலில் வேப்ப மரத்துக் காக்கைகள் மொத்தமாய்ப் பறந்தன.

சத்தியவேட்டுக்குப் பக்கத்துக் கிராமம். காலை வெயில் அப்போதுதான் ஓட்டுக் கூரையில் ஏறிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள், தரையில் விரித்த பாயில் கிரண்குமார் கிடந்தான். முந்தின நாள் சாயங்காலம் வரை மாந்தோப்பில் மண்வெட்டி பிடித்தவன்.

காயம் இல்லை. ரத்தம் இல்லை. வாயில் நுரை இல்லை.

மூச்சும் இல்லை!

பக்கத்தில் அவன் மனைவி யமுனா. ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்த நீல யூனிஃபார்ம். கழுத்தில் இன்னும் கழற்றாத கம்பெனி அட்டை. அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

“கத்தாத அண்ணி... இப்ப எழுந்துக்குவாரு. ரெண்டு நிமிசத்துல எழுந்துக்குவாரு...”

எழுந்துகொள்ளவில்லை.

* * *

சர்க்கிள் இன்ஸ்பெக்டர் உமாபதி ஜீப்பிலிருந்து இறங்குமுன் சீப்பை எடுத்துத் தலை வாரினார். கேபிள் டி.வி.க்காரன் வந்துவிட்டானா என்று பார்த்தார். வந்திருந்தான்.

அதன் பிறகே பிணத்தைப் பற்றி யோசித்தார்.

“கொலைதான். நூத்துக்கு நூறு!” என்றார் கேமராவிடம்.

“சார்... நீங்க இன்னும் உள்ளயே போகலியே?”

“அதுக்குப் பேருதான்யா அனுபவம்!”

இந்தப் பக்கத்தில் கம்பெனிக்குப் போகிற பெண்ணின் புருஷன் இளவயதில் செத்தால், அவளுக்கு ஒரு கள்ளக்காதலன் இருந்தே தீர வேண்டும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. டி.வி. சொல்கிறது!

பாப்பாத்தி தலையில் அடித்துக்கொண்டாள். செத்தவனுக்கு அக்கா. அடுத்த வீட்டுக்காரி.

“ஜன்னலாண்ட நின்னு என் ரெண்டு காதால கேட்டேன் சார்! ‘போராடாத மாமா... அப்டியே வுடு... கொஞ்ச நேரந்தான்...’னு சொல்லிக்கினு இருந்தா சார்! மார் மேல கைய வெச்சிக்கினு!”

“போராடாதன்னு சொன்னாளா?”

“சத்தியமா சார்!”

உமாபதி மலர்ந்தார். அந்த நேரம் பார்த்துக் கான்ஸ்டபிள் பழனி உள்ளேயிருந்து ஓடி வந்தார். கையில் ஓர் அரிவாள்!

“சார்! கட்டில்ல தலகாணிக்கு அடியில இருந்தது சார்!”

“பார்த்தியா? ஆயுதம்!”

“ஆனா சார்... பாடியில ஒரு கீறல்கூட இல்லியே?”

“அப்போ... ரெண்டாவது பிளான்யா இது!”

“அது கெட்ட கனவு வராம இருக்க வெக்கிறது சார்,” என்றது கூட்டத்தில் ஒரு குரல். “எங்க வூட்லயும் இருக்குது. இரும்பு இருந்தா அமுக்குவான் கிட்ட வராது.”

உமாபதி குரல் வந்த திசையை முறைத்தார். குரல் காணாமல் போனது.

பழனியை வீட்டுக்குக் காவல் வைத்தார். பிணம் போஸ்ட்மார்ட்டத்துக்காகத் திருப்பதிக்கு வேனில் புறப்பட்டது. பின்னாலேயே ஜீப். அதில் யமுனாவும் பாப்பாத்தியும்.

வேன் தெருமுனையில் திரும்பியபோதுதான் யமுனா முதல் முறையாக அழுதாள். சத்தமே வரவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

* * *

“பேரைச் சொல்லு. எவன்?” ஜீப் ஊரைத் தாண்டியதுமே உமாபதி ஆரம்பித்தார்.

“யாரு சார்?”

“உன் சூப்பர்வைசரா?”

“அவங்க பொம்பள சார்.”

உமாபதி கொஞ்சம் யோசித்தார். யோசித்தால் அவருக்குப் பாதித் தெலுங்கு வரும். “சரே... கம்பெனி பஸ் டிரைவர்?”

“அவரு பேரன் எங்கூட வேலை செய்றான் சார்.”

ஜீப் ஓட்டிய கான்ஸ்டபிள் கன்னையா இருமினார். சிரிப்பை மறைக்கத்தான்.

“அப்போ கொன்னது யாரு? செப்பு!”

“யாரும் கொல்லல சார். நான் பஸ்ஸ வுட்டு எறங்கி வந்தேன். அவரு மொனகிக்கினு கெடந்தாரு. அமுக்குவான் அமுக்குதுன்னு நெனைச்சேன்...”

“ஓ! அமுக்குவான்! அவனோட அப்பன் பேரு, ஊரு, கதவு நம்பர் எல்லாம் சொல்லு. எஃப்.ஐ.ஆர்ல ஏத்தணுமே!”

சிரித்தது அவர் ஒருவர்தான்.

அமுக்குவானுக்கு ஊர் உண்டு. ஸ்ரீ சிட்டி பக்கம் செல்போன் கம்பெனி வந்ததிலிருந்து, அதற்கு யமுனாவின் ஊரில் ஓய்வே இல்லை. அதுவரை அந்த ஊருக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு ராத்திரிதான். கம்பெனி பஸ் வந்த பிறகு மூன்று! ஒரு வாரம் பகலில் தூங்கு. மறு வாரம் சாயங்காலம் தூங்கு. அதற்கடுத்த வாரம் உன் சாமர்த்தியம்.

“எனக்குத்தான் சார் மொதல்ல வந்துச்சு,” என்றாள் யமுனா. “பகல்ல மல்லாக்கப் படுத்திருப்பேன். முழிப்பு வந்துரும். கை கால் அசையாது. கத்தினா சத்தம் வராது. கருப்பா ஒருத்தன் மார் மேல ஏறி ஒக்காந்துக்கினு மூச்ச நிறுத்துவான். செத்தேன்னே நெனைப்பேன். மந்திரிச்சாங்க. அரிவாள் வெச்சாங்க. அவருதான் ‘போதும்டி, வா’ன்னு திருப்பதிக்கு டாக்டராண்ட கூட்டினு போனாரு.”

“டாக்டர் என்ன பேயோட்டினாரா?”

“பேயே இல்லன்னாங்க சார். நாம கனவு கண்டுக்கினே எழுந்து ஓடக் கூடாதுன்னு, தூங்கறப்போ மூளை ஒடம்புக்குப் பூட்டு போடுமாம். சில நேரம் நாம முழிச்சிப்போம். பூட்டு மட்டும் தொறக்காது. மிச்சக் கனவு கண்ணெதிர்ல நிக்குமாம். நேரங்கெட்டுத் தூங்கறவங்களுக்கு அடிக்கடி வருமாம்.”

“அப்புறம்?”

“பயந்தா ஜாஸ்தியாவும். போராடக் கூடாது. மெதுவா மூச்சு வுட்டுக்கினு, ஒரே ஒரு வெரல அசைக்கப் பாக்கணும். ஒண்ணு ரெண்டு நிமிசத்துல தானா வுட்டுரும். செஞ்சு பாத்தேன் சார். நெசமாவே வுட்டுச்சு! கம்பெனில எங்க லைன்ல வேலை செய்ற பொண்ணுங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தேன்.”

“எனக்கும் வருது சார்,” என்றார் கன்னையா திடீரென்று. “நைட் ரவுண்ட்ஸ் போன மறுநாள்...”

“ரோட்டைப் பாருய்யா!”

ஜீப் புத்தூரைத் தாண்டியது. வடமாலபேட்டையும் வந்தது. உமாபதி ஜன்னல் பக்கம் பார்த்தபடி, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்ற குரலில் கேட்டார்.

“மல்லாக்கப் படுத்தாதான் வருமா?”

“ஒருக்களிச்சுப் படுங்க சார்,” என்றாள் கொலைக் குற்றவாளி. “தெனம் ஒரே நேரத்துல படுங்க. கொறையும்.”

* * *

அலிபிரி போகும் சாலையில் டாக்டர் ஷோபாவின் கிளினிக். பிண வேன் ஆஸ்பத்திரிக்குப் போக, யமுனா சொன்னதைச் சரிபார்க்க உமாபதி ஜீப்பை இங்கே திருப்பச் சொன்னார்.

“யமுனாவா! நல்லா ஞாபகம் இருக்கே. புருஷனும் கூட வந்திருந்தாரு. ‘ஏன் மேடம், அமுக்குவானுக்கும் கம்பெனில பகல் டூட்டி போட்டுட்டாங்களா’ன்னு கேட்டாரு. நான் சிரிச்சு அடங்கவே நேரமாச்சு. எங்கே அவரு, வரலையா?”

உமாபதி நடந்ததைச் சொன்னார். கனைத்துக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோர்ட்டில் சொல்லப்போகிற மாதிரியே சொன்னார்.

டாக்டரின் முகம் மாறியது. எழுந்து வந்து யமுனாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நீ பார்த்தப்போ எப்படி இருந்தாரு? ஒண்ணு விடாம சொல்லும்மா.”

“கீழ படுத்துக்கினு இருந்தாரு மேடம். மொனகல். மூச்சு மேல மேல வாங்கிச்சு. ‘மார் மேல ஒக்காந்துக்கினு இருக்குது’ன்னாரு.”

“சொன்னாரா? வாயால?”

“கொழகொழன்னு சொன்னாரு. நாக்கு பெரளல.”

“கண்ணு?”

“தொறக்கப் பாத்தாரு. இமையத் தூக்க முடியல.”

டாக்டர் ஷோபா கண்ணாடியைக் கழற்றினார்.

“யமுனா... அமுக்குவான் பிடிச்சப்போ உன்னால பேச முடிஞ்சுதா?”

“முடியாது மேடம்.”

“கண்ணு?”

“கண்ணு மட்டும் நல்லா தொறந்து... இங்கயும் அங்கயும்...”

யமுனா நிறுத்திவிட்டாள். அவள் விரல்கள் கம்பெனி அட்டையின் கயிற்றை முறுக்க ஆரம்பித்தன.

“அப்படி எவ்வளவு நேரம் இருந்தாரு?”

“ரெண்டு நிமிசம் ஆச்சு... வுடல. இன்னும் ரெண்டு நிமிசம் பாக்கலாம்னு இருந்தேன். அப்புறம் இன்னும் ரெண்டு...”

“வீட்ல கட்டில் இல்லையா?”

“இருக்குது மேடம். அதுல அவரு படுக்க மாட்டாரு. ‘நீ டூட்டி முடிச்சு வர்றப்போ விரிப்பு குளுகுளுன்னு இருக்கணும்’பாரு. நான் இல்லாத ராத்திரியிலயும் தரைதான்.”

டாக்டர் பாப்பாத்தியின் பக்கம் திரும்பினார். “விடியக்காலம் வயிறு வலிக்குதுன்னு சொன்னாராம்மா?”

பாப்பாத்தி திடுக்கிட்டாள்!

“ஆமாங்க... ஒங்களுக்கு எப்டித் தெரியும்? கொல்லைப் பக்கம் வந்தான். ‘அக்கா, வயித்த வலிக்குது’ன்னான். சோடா வாங்கிக் குடிச்சிட்டுப் படுடான்னேன்...”

“இன்ஸ்பெக்டர் சார். அந்த வீட்ல இப்போ யாரு இருக்கா?”

“என் கான்ஸ்டபிள். ஏன்?”

“அவரு படுத்திருந்த பாயை உதறிப் பார்க்கச் சொல்லுங்க. கையால வேண்டாம். கம்பால!”

உமாபதி போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

“பழனி! அந்தப் பாய் எங்கய்யா?”

“இங்கதான் சார் பத்திரமா இருக்குது! பாயும் போர்வையும் சுருட்டி, முதுகுக்குச் சாய்மானமா வெச்சிக்கினுதான் காவல் காத்துக்கினு இருக்கேன்!”

“மெதுவா எழுந்திரு.”

“ஏன் சார்?”

“எழுந்திருய்யா! ஒரு கம்பை எடுத்து அதைப் பிரி!”

போனில் காலடிச் சத்தம். கம்பு தரையில் தட்டும் சத்தம். பிறகு...

“ஆ... ஐயோ! சார்ர்ர்! கட்டுவிரியன்! போர்வைக்குள்ள... வெள்ள வெள்ள வளையமா... சார், நான் இதும்மேலயா சார் சாஞ்சிக்கினு இருந்தேன்?”

போன் விழுந்து உடைகிற ஓசை. சாட்சியின் மீதே சாய்ந்துகொண்டு சாட்சியைக் காவல் காத்த முதல் போலீஸ்காரர் என்ற பெருமையோடு பழனி தெருவுக்கு ஓடினார்.

“ராத்திரி தரையில தூங்கறவங்களைக் கடிக்கும்,” என்றார் டாக்டர். “எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது. தடமும் தெரியாது. விடியறப்போ வயிறு வலிக்கும். அப்புறம் இமை, நாக்கு, மூச்சு... ஒவ்வொண்ணா நிக்கும். அதுவும் ஒரு பூட்டுதான் யமுனா. ஆனா தானா தொறக்காத பூட்டு.”

உமாபதி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். காலையில் நூற்றுக்கு நூறு வாங்கியவர். இப்போது பூஜ்யம்!

“சரிம்மா,” என்றார். குரலில் முதல் முறையாக மனுஷன் தெரிந்தான். “உன் மேல கேஸ் இல்ல. நீ வூட்டுக்குப் போலாம்.”

யமுனா நகரவில்லை.

“மேடம்... நான் எறங்கினப்போ கம்பெனி பஸ் ரோட்டுலயே நின்னுக்கினு இருந்தது. டிரைவர் தாத்தா டீ குடிச்சிக்கினு இருந்தாரு. அதுல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருந்தா?”

“யமுனா, உன் மேல தப்பு எதுவும்...”

“தப்பக் கேக்கல மேடம். பொழைச்சிருப்பாரா?”

டாக்டர் ஷோபா அவள் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை.

“மெஷின்ல மூச்சு குடுத்து, மருந்து போட்டா... பொழைக்கிறவங்க உண்டு.”

“அவருக்குக் காது கேட்டிருக்குமா?”

“...கேட்டிருக்கும்.”

யமுனா தலையாட்டினாள். ரொம்ப மெதுவாக, பல முறை.

“மொதல்ல கையக் கால ஒதைச்சாரு மேடம். என் கையப் புடிச்சு இழுத்தாரு. எங்கயோ போலாம்னுதான் இழுத்திருக்காரு. நான் ‘போராடாத மாமா’ன்னேன். ‘சரியாயிடுமா’ன்னாரு. ‘ஆயிடும், எனக்குத் தெரியாதா’ன்னேன். நான் சொன்னா எதையும் நம்புவாரு மேடம்...”

அட்டைக் கயிற்றை முறுக்கிய விரல்கள் நின்றன.

“போராடறத நிறுத்திட்டாரு.”

பாப்பாத்தி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். “ஏ யமுனா... நானும் சோடா குடின்னேனேடி... நானும்தானேடி...” என்று தரையைத் தடவித் தடவி அழுதாள்.

யமுனா எழுந்தாள். உமாபதியின் முன்னால் போய் நின்றாள். இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள்.

“நான்தான் சார் கொன்னேன். காலையில இருந்து கேட்டுக்கினு இருந்தீங்களே. எழுதிக்குங்க.”

“வேணாம்மா...”

“எழுதுங்க சார்! எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன். வூட்டுக்கு மட்டும் அனுப்பாதீங்க. அந்தக் கட்டில்ல நான் எப்டி சார் படுப்பேன்?”

உமாபதியின் சர்வீஸில் எத்தனையோ பேர் அவர் காலில் விழுந்து, கொலை செய்யவில்லை என்று கெஞ்சியிருக்கிறார்கள். செய்தேன் என்று கெஞ்சியவள் இவள் ஒருத்திதான். நீட்டிய கைகளை மெல்லத் தாழ்த்திவிட்டார். பேனாவை எடுத்தார். மூடினார். மறுபடி எடுத்தார்.

அவர் போன் அலறியது. டி.எஸ்.பி.!

“என்னய்யா உமாபதி? அந்தப் பொம்பள குற்றத்தை ஒத்துக்கிட்டாளா இல்லையா?”

உமாபதி வெளியே வந்து, யமுனாவுக்குக் கேட்காத தூரம் வரை நடந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அவ ஒத்துக்கிட்டா சார்... குற்றம்தான் அவளை ஒத்துக்க மாட்டேங்குது!”