ஊசிக்குப் பயந்த மாட்டு டாக்டர்

“ஹலோ... அது என் டோக்கன்!”

ஜின்சியின் குரல் அந்த எர்ணாகுளம் கிளினிக்கின் வராந்தா முழுக்கக் கேட்டது. டாக்டரின் அறைக் கதவில் கை வைத்திருந்த நெடிய மனிதன் திரும்பினான். அடர்ந்த தாடி... அதில் தாடை ஓரமாக இரண்டு இடங்கள் மட்டும், காசை வைத்து வழித்தது போல வெறுமையாக இருந்தன.

“தெரியும் சேச்சி... ஆனா இப்போ உள்ளே போகலேன்னா என் தைரியம் போயிடும். நேரா பஸ் ஏறி வீட்டுக்கு ஓடிடுவேன். ப்ளீஸ்...”

உள்ளே போய்விட்டான்.

சேச்சியாமே! இவனைவிட நான் சின்னவள்... என்ன திமிர்! தலையைச் சுற்றியிருந்த ஷாலை இழுத்து விட்டுக்கொண்டு ஜின்சி பொருமினாள். வெளியே ஜூன் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

சற்று நேரத்தில் கதவு திறந்தது. ஒரு நர்ஸ் அவனைத் தோளைப் பிடித்து அழைத்து வந்து ஜின்சியின் பக்கத்திலேயே உட்கார வைத்தாள். வெளுத்துப்போயிருந்தான்.

“தலையைக் குனிஞ்சுக்குங்க டாக்டர். ஒண்ணுமில்ல...”

“டாக்டரா?” ஜின்சி நிமிர்ந்தாள்.

“மாட்டு டாக்டர், கோதமங்கலத்துல,” என்றாள் நர்ஸ் சிரிப்பை அடக்கியபடி. “தினமும் எருமைக்கே ஊசி போடறவர். தன் தாடியில போட்டா மயக்கம் வந்துடுது.”

ஜின்சி சிரித்துவிட்டாள். அடக்கவே முடியவில்லை. கண்ணில் நீர் வரும்வரை... இப்படிச் சிரித்து எத்தனை மாதமாயிற்று!

அவன் மெல்லத் தலையைத் தூக்கினான். பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் இரண்டு கண்கள். கோபமில்லை... அவள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“எருமைங்க இப்படிச் சிரிச்சதில்ல,” என்றான். “எல்தோன்னு பேரு.”

அப்போது அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் சுபைதா அவள் ஷாலை விலக்கி நிதானமாகப் பார்த்தார். பாதித் தலைக்கு மேல் முடி உதிர்ந்திருந்தது. பள்ளியில் கணக்கு சொல்லித் தரும்போது கரும்பலகைப் பக்கம் திரும்பவே அஞ்சும் அளவுக்கு.

“எண்ணெய் தப்பு, சாப்பாடு தப்புன்னு யார் சொன்னாலும் நம்பாதே மோளே. உன் உடம்போட காவல்காரங்களே முடி வேரை எதிரின்னு தப்பா நினைச்சு விரட்டுறாங்க. யாரோட குற்றமும் இல்ல. இவ்வளவு பரவினதுக்கு ஊசி ஒத்து வராது. வாராவாரம் ஒரு மருந்தைத் தலையில பூசலாம்... அரிக்கும், தோல் சிவக்கும். இல்லேன்னா மாத்திரை. நிறைய பேருக்கு வளருது. ஆனா அடிக்கடி ரத்தம் பாக்கணும், நிறுத்தினா மறுபடி உதிரலாம், சாப்பிடற வரைக்கும் கர்ப்பம் கூடாது. ஒண்ணும் வேணாம்னு விக் வெச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கறதும் ஒரு வழிதான். உனக்கு என்ன வேணும்?”

யாரும் கேட்காத கேள்வி. வீட்டில் அம்மா எல்லாவற்றையும் முடிவு செய்து வைத்திருந்தாள். மாத்திரை, முடி, ஓணம் முடிந்ததும் பெண் பார்க்க வருவார்கள்... அதுவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

“யோசிச்சு சொல்றேன் டாக்டர்.”

யோசனை நீண்டது. கிளினிக் வருகைகளும் நீண்டன. எல்தோவும் அதே நாளில் வந்தான். கேன்டீனில் நேந்திரம்பழ பஜ்ஜியான பழம்பொரியும் சாயாவும்... பேச்சும்.

“டீச்சர், நீங்க பயப்படுறது முடி போறதுக்கா, ஆளுங்களுக்கா?”

“அம்மாவுக்கு!”

ஒரு நாள் ஈரக் காற்று அவள் ஷாலைத் தட்டிவிட்டது. பதறி இழுத்தாள். அவன் கண்கள் அவள் தலைக்குப் போகவில்லை... அவள் கண்களிலேயே நின்றன. நெஞ்சுக்குள் என்னவோ வழுக்கியது.

அன்றே அவன் தொண்டையைச் செருமினான். “டீச்சர்... முதல்ல உங்க வைத்தியம் ஒரு வழிக்கு வரட்டும். அப்புறம் நான் வீட்டுல வந்து பேசறேன்.”

ஜின்சியின் முகம் சுருங்கியது.

“ஓ... முடி வந்தா பேசுவீங்க. வரலேன்னா?”

“ஐயோ, அப்படி இல்ல...”

அவள் எழுந்துவிட்டாள். இவனும் அப்படித்தானா! பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையோடு சேர்ந்து அழுதாள். அடுத்த முறை வேறு நாளில் கிளினிக்குக்குப் போனாள். அவனுடைய ஃபோன் அழைப்புகளையும் அவள் எடுக்கவில்லை.

அதற்கு மறுநாள் மாலை வாசலில் ஒரு ஜீப் நின்றது. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், சட்டையெல்லாம் சாணி... எல்தோ!

“பக்கத்து வீட்டுப் பசுவுக்குப் பிரசவம் பார்த்துட்டு வர்றேன். அவங்கதான் இந்த வீட்டைக் காட்டினாங்க. ஜின்சி டீச்சர் இருக்காங்களா?”

அம்மாவுக்கு வியர்த்தது. “மோளே, தலையை மூடு! யாரோ வந்திருக்காங்க!”

ஷால் நாற்காலியில் கிடந்தது. ஜின்சி ஒரு கணம் பார்த்தாள்... எடுக்காமலே வெளியே வந்தாள்.

“என் கர்த்தாவே!” அம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

“அம்மா, இவருக்கு எல்லாம் தெரியும். என்ன விஷயம் டாக்டர்?”

எல்தோ வாசற்படியிலேயே நின்றான். “அன்னிக்கு வாய் தடுமாறிடுச்சு. ஓணத்துக்குள்ள முடி வளரணும்னு உங்களை எல்லாரும் விரட்டுறாங்க. நானும் கல்யாணப் பேச்சோட வந்தா இன்னொரு அவசரமா ஆயிடும்னு நினைச்சேன். உங்களுக்கு என்ன வேணுமோ அதை நீங்களே முடிவு பண்ணணும்னுதான்... முடி வந்தா வரட்டும். வரலேன்னாலும் எனக்கு இதே டீச்சர்தான் வேணும். இப்போ சொல்றேன், உங்க அம்மா முன்னாடியே.”

மழை ஓட்டின்மேல் தடதடத்தது.

அம்மாதான் முதலில் உடைந்தாள். முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். “மாசக்கணக்கா நான் தூங்கலடா மோனே... இவளை யாராவது ஒரு வார்த்தை சொல்லிடுவாங்களோன்னுதான் மூடி மூடி வெச்சேன்...”

ஜின்சி அம்மாவின் தோளைத் தடவினாள். பல மாதமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ உருட்டிவிட்டது போல இருந்தது. மூச்சு இவ்வளவு ஆழமாகப் போகும் என்பதையே மறந்திருந்தாள்.

“நேத்து டாக்டர் சுபைதாகிட்ட முடிவு சொல்லிட்டேன்மா. மாத்திரைதான். ஓணத்துக்காக இல்ல... எனக்கு என் முடி பிடிக்கும், அதனால. பலன் இல்லேன்னா நிறுத்திடுவேன். அதுக்காக அழவும் மாட்டேன்.”

“நல்ல முடிவு,” என்றான் எல்தோ.

“என்ன நல்ல முடிவு? டாக்டர் சொன்னது முழுசா தெரியுமா? ரத்தப் பரிசோதனைக்கு அலையணும். அதைச் சாப்பிடற வரைக்கும் குழந்தையும் கூடாது. நமக்குக் கொஞ்சம் தாமதமாகும்...”

நாக்கைக் கடித்துக்கொண்டாள். முகம் செக்கச்செவேலென்று ஆனது.

எல்தோவின் கண்கள் விரிந்தன. “யாருக்கு?”

ஜின்சி வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்தாள்.

“டீச்சர், யாருக்குத் தாமதமாகும்?”

அம்மா முந்தானைக்குள்ளிருந்தே சிரிக்கத் தொடங்கியிருந்தாள். தப்பிக்க வழியில்லை. ஜின்சி அவனை நேராகப் பார்த்தாள்.

“நமக்குத்தான்... போதுமா? முதல்ல அந்தச் சாணி பூட்ஸைக் கழட்டிட்டு உள்ளே வாங்க.”