ஸ்பேஸ் தட்டினால் வரி போகும்

மெரினுக்கு வந்த கோபத்தில் மழை கூடச் சூடாகத்தான் பட்டது.

ரெட்டியார்பாளையத்துச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி அது. வேலைக்கான டெஸ்ட். கோடு எழுதும் எடிட்டரைத் திறந்து ஒரு வரி எழுதி, அதை உள்ளே தள்ள வழக்கம்போல ஸ்பேஸ் பாரை நாலு தரம் தட்டினாள்... எழுதிய வரி காணோம். மறுபடி எழுதினாள். கைப்பழக்கம் விடுமா? மறுபடி தட்டினாள், மறுபடி போனது. நேரம் முடிந்தபோது திரையில் அவள் பெயர் மட்டும்தான் மிச்சம்.

வாசலில் தகரக் கூரையடியில் நின்றவனிடம் பொரிந்து தள்ளினாள்.

"எவனோ ஒரு கிறுக்கன், ஸ்பேஸ ரெண்டு தட்டு தட்டுனா வரியே அழியற மாதிரி செட்டிங்ஸ் ஃபைல்ல எழுதி வச்சிருக்கான்."

"அந்தக் கிறுக்கன் நான்தாங்க. ஆகாஷ். என் சிஸ்டத்துல உங்கள உக்கார வைப்பாங்கன்னு தெரியாது..."

நிமிர்ந்து முறைத்தாள். அவனுக்குப் பெரிய, பயந்த கண்கள்... அழகான கண்கள்தான். அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

"இந்த வேல இல்லன்னா, பிரான்ஸ்ல அத்தை பாத்து வச்சிருக்கற மாப்பிள்ளைக்குக் கழுத்த நீட்டணும். தெரியுமா உங்களுக்கு?"

"சார்கிட்ட பேசறேன். இன்னொரு தரம் எழுதுங்க."

"உங்க இரக்கம் ஒண்ணும் வேணாம்."

அவன் உள்ளே ஓடினான். குடையை விரித்தவள் ஏனோ நகரவில்லை. மேனேஜர் கோவிந்தராசுவே வெளியே வந்தார்.

"தப்பு எங்க மேலதாம்மா. வந்து எழுது."

ரோஷத்தை விழுங்கிக்கொண்டு போனாள். இந்த முறை ஸ்பேஸ் வெறும் ஸ்பேஸாக இருந்தது. வேலையும் கிடைத்தது.

"அஞ்சு வருஷமா பாத்துப் பாத்துச் செஞ்ச செட்டிங்ஸ் ஃபைல ஆகாஷ் உனக்காக அழிச்சிட்டாம்மா. இப்ப அவன் கையே அவனுக்கு ஓடல" என்றார் கோவிந்தராசு.

மெரின் நேரே ஆகாஷிடம் போனாள்.

"பேக்கப்?"

"இல்லைங்க."

"பேர மாத்தி வச்சிருந்தா போதுமே. கத்துக்குட்டிக்குக் கூடத் தெரியுமே."

"தெரியும்... நீங்க வாசல்ல நின்னீங்க. போயிடுவீங்களோன்னு பயம். வேற எதுவுமே தோணல."

அவளுக்குக் காதுமடல் வரை சூடேறியது. கோபம்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். நாற்காலியை இழுத்துப்போட்டுப் புது ஃபைலைத் திறந்தாள்.

"என்னென்ன இருந்துச்சுன்னு சொல்லுங்க. எழுதித் தர்றேன். அந்த ரெண்டு ஸ்பேஸ் மட்டும் கிடையாது."

"ரொம்ப நாள் ஆகுங்க..."

"ஆகட்டும். நான் எங்கயும் போகலன்னு அத்தைகிட்ட இன்னிக்கே சொல்லிடறேன்." திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். "உங்கள எனக்குப் புடிச்சிருக்கு. அதுக்காகக் கோவம் போயிடுச்சுன்னு நெனச்சுக்காதீங்க."