கபரகொய்யா சிந்தாத இரத்தம்

பதுளைப் பிரேத அறையின் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் ஜீவராணி.

"எங்க அண்ணன் ஒடம்ப யாருக்கும் குடுத்துராதீங்கம்மா. இன்னைக்கே பொதைக்கணும்னு தோட்டத்துல அவசரப்படுறாங்க. பல்லி கடிச்சுச் சாகுற ஆளில்ல அவரு."

பிரேதப் பரிசோதனை செய்யும் சட்ட வைத்திய அதிகாரி யோகமலர் அவளை உட்கார வைத்தார். "கடிச்சதை ஆர் பார்த்தது?"

"தினேஸ். தோட்டத்துக் காவக்காரன். மலை உச்சியில கபரகொய்யா அண்ணன் கழுத்தக் கவ்வுச்சாம். அதத் தொரத்தி வெட்டுனானாம், ரத்தம் பீச்சி அடிச்சுச்சாம்."

கபரகொய்யா என்றால் ஆற்றங்கரைப் பெரிய உடும்பு. அதன் எச்சில் பட்டாலே சாவு என்று தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லோரும் நம்பினார்கள்.

"அண்ணனுக்கும் தினேஸுக்கும் ஏதும் பிரச்சினையோ?"

"அவன் வச்ச கண்ணியில சிறுத்தை ஒண்ணு செத்துச்சு. பொலிசுல சொல்லப்போறேன்னாரு அண்ணன்."

யோகமலர் உள்ளே போய் உடலை மூடியிருந்த துணியை விலக்கினார். அண்ணன் ரெங்கசாமியின் கழுத்தில் எலும்புவரை இறங்கிய மூன்று வெட்டுகள். வலக்கையில் இரண்டு விரல்கள் தோலில் தொங்கின.

கொஸ்லந்தை ஊருக்கு வெகு மேலே, பனி மூடிய தோட்டத்துக்கு யோகமலரோடு கான்ஸ்டபிள் ஹிஷாமும் ஜீவராணியும் போனார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் செத்த கபரகொய்யா கிடந்தது. சுற்றி நின்றவர்களுக்குத் தினேஸ் தன் வீரத்தை விவரித்துக்கொண்டிருந்தான்.

யோகமலர் அதனருகே குனிந்தார். "ஹிஷாம், இதின்ர உடம்பில இருக்கிற வெட்டைப் பாருங்கோ."

"ஆழமா இருக்கு டொக்டர். ஆனா... ரெத்தமே இல்லியே!"

"உயிரோட வெட்டினா இரத்தம் பாயும். இது செத்து எவ்வளவோ நேரத்துக்குப் பிறகு விழுந்த வெட்டு. இடுப்பில கயித்துத் தடம். கீழ, சூடான ஆத்தோரத்தில இருக்கிற சீவன் தண்ணியில்லாத இந்தக் குளிர் உச்சிக்குத் தானா ஏறாது. ஆரோ கட்டித் தூக்கி வந்திருக்கினம்."

"வெசம் ஏறித்தான் செத்தாரு!" என்று கத்தினான் தினேஸ்.

"ஆளைக் கொல்லுற விசப்பல்லி மெக்சிக்கோப் பாலைவனப் பக்கம் இருக்குது தம்பி, இங்க இல்லை. இது கடிச்சா சதை பிஞ்சு கிழியும். எலும்பு நேர்கோட்டில வெட்டுப்படாது. கத்தியைப் பிடிச்சுத் தடுத்த விரல்தான் அப்பிடி அறுந்து தொங்கும். இரத்தம் பீச்சி அடிச்சதை நீர் பார்த்தது உண்மை. ஆனா அது ரெங்கசாமியின்ர இரத்தம்."

தினேஸ் இடுப்பிலிருந்து தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை உருவிக்கொண்டு யோகமலர்மேல் பாய்ந்தான். குறுக்கே பாய்ந்த ஹிஷாமின் முழங்கை பிளந்தது. இருவரும் சேற்றில் உருண்டார்கள். இரத்தம் வழிய வழிய, தினேஸின் மணிக்கட்டைக் கல்லில் மோதி மோதி உடைத்தான் ஹிஷாம். கத்தி நழுவியது.

ஜீவராணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "கடைசியா என்னடா சொன்னாரு அண்ணன்?"

சேறு அப்பிய வாயால் தினேஸ் முனகினான். "கண்ணிய எல்லாம் எடுத்துட்டா, யாருக்கும் சொல்ல மாட்டேன்னாரு. நான்தான் நம்பல."

அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.